ஒய்.பி. அடித்த பெனால்டி

ஒரு திடலைத் திறந்து வைக்க வரும் சட்டமன்ற உறுப்பினர் (நாங்கள் ஒய்.பி. என்போம்) பெனால்டி அடித்தால், அது கோல் ஆகியே தீர வேண்டும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தே கெடுத்தேன் என்று இன்றுவரை சிலர் நம்புவதில்தான் எனக்கு வருத்தம்.

எங்கள் கிளப்பின் பெயர் மூன்றாவது டிவிஷன் காற்பந்துக் கழகம். (ஏதோ லீக்கில் மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுக்கு நாங்கள் வளரவில்லை.) கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அதன் மூன்றாவது டிவிஷனில் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் தொடங்கிய கிளப் அது. தோட்டத்தை விற்றார்கள், லயங்களை இடித்தார்கள், ஜனங்கள் பக்கத்திலேயே கட்டிய மலிவு விலை வீடுகளுக்குக் குடிபோனார்கள். திடல் மட்டும் தப்பித்து மாவட்ட மன்றத்தின் கைக்குப் போனது. மன்றம் உடனே அதைச் சுற்றி வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டது. நாங்கள் ஈப்போவில் வாடகைத் திடல் பிடித்து ஆடிக்கொண்டிருந்தோம். அவ்வளவு தூரம் எங்கள் ஆட்கள் பார்க்க வரமாட்டார்கள். ஆடி முடித்துக் கைதட்ட ஆளில்லாமல் வேனில் ஏறி வருவது உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

கிளப் தலைவர் மணியம் அண்ணே லாரி ஓட்டுபவர். லாரியை ஓட்டியதைவிட அவர் திடலைக் கேட்டு ஒய்.பி.யின் சேவை மையத்துக்கு நடந்ததுதான் அதிகம். கடைசியில் தேர்தல் நெருங்கிய நேரத்தில் ஒய்.பி. மனம் இரங்கினார். வருவார், ஒரு பெனால்டி அடிப்பார், பேசுவார், திடலை எங்களிடமே ஒப்படைப்பார். படம் எடுக்க ஆள் உயரத்தில் அட்டையில் ஒரு தங்கச் சாவி தயாரானது. நிஜச் சாவி அவருடைய உதவியாளரின் பாக்கெட்டில் இருந்தது.

நான்தான் கோல்கீப்பர். அந்த சீசனில் நான் பிடித்த பந்துகளை என் மனைவி ரோஸ்லின் ஒரு கையிலேயே எண்ணி முடித்து, மிச்ச விரல்களால் வெங்காயம் உரிப்பாள். ஆகவே இந்தப் பணிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது.

"ஸ்டீபன், ஒய்.பி. ஒன் வலது பக்கம்தான் அடிப்பாரு. உதவியாளர்கிட்ட கேட்டுட்டேன். நீ எடது பக்கம் போய் விழு. அவ்வளவுதான் ஒன் வேல," என்றார் மணியம் அண்ணே.

"விழுந்துட்டு?"

"விழுந்துட்டு கெட லா! வேற எதும் செஞ்சிறாத."

திறப்பு விழா அன்றைக்குக் கூடாரம் போட்டு, உறுமி மேளம் வைத்து, பழைய தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒய்.பி. பூப்போட்ட பாத்தேக் சட்டையும் தோல் சப்பாத்துமாக வந்தார். நாலடி ஓடி வந்து உதைத்தார். சப்பாத்து புல்லில் சிக்கியது. வலது பக்கம் போக வேண்டிய பந்து இடது பக்கம் கிளம்பியது. நானோ சொன்ன சொல் தவறாமல் ஏற்கெனவே இடது பக்கம் விழுந்துகொண்டிருந்தேன். பந்து நேராக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. கைகள் இரண்டும் என்னைக் கேட்காமல் மூடிக்கொண்டன.

அப்போதாவது நழுவ விட்டிருக்கலாம். ஆனால் கூடாரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கள் ஜனம், எங்கள் திடலில், என் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. எனக்கு மூளை நின்றுவிட்டது. எழுந்து பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். (இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்துக்கு முத்தம் கொடுத்தேன்.) பிறகுதான் மணியம் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன்.

ஒய்.பி. சிரித்தார். பல் மட்டும் சிரித்தது. காம்பாரில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று சொல்லி, மேடையில் பேசாமலேயே காரில் ஏறினார். அட்டைச் சாவி காருக்குள் அடங்கவில்லை. பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு எங்கள் திடலின் சாவி போவதை ஊரே எழுந்து நின்று பார்த்தது. பின்னாலேயே மன்றத்து ஆள் வந்து கேட்டைப் பூட்டினான்.

"ஏன் லா பிடிச்சே? இத்தன வருஷத்துல எவன் பந்தயாச்சும் பிடிச்சிருக்கியா?"

"அண்ணே, நீங்கதான எடது பக்கம் விழச் சொன்னீங்க."

"விழச் சொன்னேன். முத்தம் குடுக்கச் சொன்னேனா?"

சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லா வாட்ஸாப் குழுக்களுக்கும் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து, மக்களின் கோபத்தை நான் கையில் காட்டிவிட்டதாகப் பாராட்டினார்கள். கை தானாகப் பிடித்தது என்றேன். என் தன்னடக்கத்தையும் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒய்.பி. கட்சிக்காரர்களோ நான் காசு வாங்கிவிட்டேன் என்றார்கள். "பஸ்ஸுல கொடைய விட்டுட்டு வர்ற ஆள நம்பி எவன் காசு குடுப்பான்?" என்று ரோஸ்லின் எனக்காக வாதாடினாள்.

சில வாரம் கழித்து மணியம் அண்ணே போன் செய்தார். ஒய்.பி. மறுபடியும் வருகிறாராம், ஆனால் அதே கீப்பர்தான் நிற்க வேண்டுமாம். "ஆள மாத்துனா பயந்துட்டாருன்னு பேசுவாங்களாம் லா. இந்த தடவ விழாத, கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்க."

வலது கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய கேட்டுபோல கோல் திறந்து கிடந்தது. ஒய்.பி. புது பூட்ஸ் போட்டு வந்து, போன முறை பட்ட அவமானத்தையெல்லாம் சேர்த்து உதைத்தார். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய் வலையின் பக்கவாட்டில் அடித்தது. வலை ஆடியது. கூடாரத்திலிருந்து பார்த்தால் அது கோல்தான். மணியம் அண்ணே யோசிக்கவே இல்லை, மைக்கில் "கோல்!" என்று கத்தினார். உறுமி முழங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: பக்கத்தில் நின்ற மணியம் அண்ணே, நான், ஒய்.பி. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நான் ஒரு தடவை விழுந்தும் வைத்தேன். ஒய்.பி. கையை உயர்த்தினார், இரண்டு சாவிகளையும் கொடுத்தார்.

அன்றைக்கு எங்கள் திடலில் ஆடித் தோற்றோம். எங்கள் ஜனம் எங்களைப் பெயர் சொல்லி, அப்பன் பெயரும் சொல்லித் திட்டியது. ஈப்போவில் அப்படி ஒரு திட்டு எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்தலில் ஒய்.பி. தோற்றுப்போனார். (அதற்கும் பெனால்டிக்கும் உள்ள தொடர்பை ஆராய நான் விரும்பவில்லை.) பல மாதம் கழித்து ஒருநாள் பயிற்சி நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. உதவியாளர் இல்லை. கால் சட்டையும் கேன்வாஸ் சப்பாத்துமாக ஒய்.பி. மட்டும் இறங்கினார்.

"ஸ்டீபன், ஒன்னே ஒன்னு அடிச்சுக்கிறேன். இந்த தடவ நெசமா பிடிங்க."

எனக்குப் புரிந்தது. நிஜமாகவே நின்றேன். அவர் காலையே பார்த்தேன், சரியான பக்கம்தான் பாய்ந்தேன், உடம்பை முழுக்க நீட்டினேன். பந்து என் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனது. மைக் இல்லை, மேளம் இல்லை. அவர் கையை உயர்த்தவும் இல்லை. வலையிலிருந்து பந்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். எங்களோடு உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தேத்தாரே குடித்துவிட்டுப் போனார்.

சேற்றுச் சட்டையோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "மாதா மேல சத்தியமா, பிடிக்கத்தான் பாத்தேன்," என்றேன்.

ரோஸ்லின் மகளைப் பார்த்தாள். "கேட்டியா ஒங்கப்பா கதைய? விடச் சொன்னப்ப பிடிச்சாரு. பிடிக்கச் சொன்னப்ப விட்டுட்டாரு."

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு எந்த வேலையையும் யாரும் நேராகச் சொல்வதில்லை. போன மாதம் மகளைப் பெண் பார்க்க பீடோரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மேசை ஓரத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் உருண்டு விழுந்தது. வெட்கத்தோடு தலை குனிந்திருந்த மகள் சட்டென்று நிமிர்ந்து, "அப்பா, பிடிக்காதீங்க!" என்று கத்தினாள்.

பிடித்துவிட்டேன்.