நன்னாரி சர்பத்தும் தலைவர் துண்டும்

"சர்பத்துல எத்தினி மாத்திரை போட்ட?" என்று மெல்லக் கேட்டார் தேசப்பன்.

"நீ சொன்னாப்புல ரெண்டு" என்றாள் அவர் மனைவி ஜமுனா.

தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "நீ மறந்துடுவியோன்னு நானும் ரெண்டு போட்டேண்டி!"

"அய்யய்யோ! பாவி மனுஷா!"

உள்ளறையில் தலைவர் செங்கல்வராயன் படுத்திருந்தார். நண்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, நன்னாரி சர்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் கண்ணசர்றேன் தேசப்பா, சீட்டுக் குலுக்கற நேரத்துக்கு எழுப்பு" என்று போனவர். அவர் போன கையோடு ஜமுனா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

பழவேற்காடு ஏரியோரத்தில் இருக்கும் அந்தக் குப்பத்தில், யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று வருஷத்துக்கொரு தரம் அம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டை எடுக்கிறவர் தோளில்தான் தலைவர் துண்டு விழும்; அந்த வருஷம் முழுக்க அவர்தான் தலைவர். தலைவர் வராவிட்டால் துணைத் தலைவர் எடுக்கலாம். துணைத் தலைவராகவே இருந்து தேசப்பனுக்குத் தலை நரைத்துவிட்டது.

அவர் பாட்டுக்குச் சும்மாதான் இருந்தார். போன வாரம் குறி சொல்லும் கோவிந்தம்மா கையைப் பிடித்து, "இந்த வருஷம் துண்டு உன் தோளுக்குத்தான் நைனா, ஆத்தா சொல்லிட்டா" என்றாள். அத்தோடு போச்சு நிம்மதி.

"ஆத்தாவே குடுத்தாலும் நாமதான் கைய நீட்டி வாங்கணும். இன்னும் எத்தினி நாளைக்கு அந்தாளு பின்னாலயே சொம்பு தூக்குவ?" என்று ஜமுனா பிடித்த பிடியில்தான் இன்றைய விருந்து. டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை கைவசம் இருந்தது. தலைவரோ ஒரே படகில் தொழில் செய்த சிநேகிதர். சோறு போட்டுக் கழுத்தறுக்கிறோமே என்று தேசப்பனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

"தலைவரே!" என்று கதவைத் தட்டினார். சத்தமே இல்லை.

"குறட்டகூட கேக்கலியே ஜமுனா! அவரு குறட்ட விட்டா ஏரிக்கு அந்தாண்ட கேக்குமே!"

"தொறந்து பாரு."

"நீ தொற."

இருவரும் தாழ்ப்பாளைத் தொடவில்லை. அதற்குள் தலைவரைக் கூப்பிடக் கோயிலிலிருந்து மாணிக்கம் வந்து நின்றான்.

"தலைவரு எங்க?"

"பொன்னேரிக்குப் போனாரு" என்றார் தேசப்பன். அதே நொடியில், "தடாவுக்கு" என்றாள் ஜமுனா.

"பொன்னேரி போயி, அப்பால தடா" என்று சமாளித்தார் தேசப்பன்.

"அவரு செருப்பு இங்க கெடக்குதே?"

"வெறுங்கால்ல போனாரு."

"தடாவுக்கா?"

"வேண்டுதல்!"

மாணிக்கம் வாயைப் பிளந்தபடி தேசப்பனைக் கோயிலுக்கு இழுத்துப் போனான். பின்னாலேயே ஜமுனாவும் ஓடினாள்.

தேசப்பன் சீட்டை எடுத்தார். தோளில் துண்டு விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நிமிர்ந்தால், கூட்டத்தின் நடுவே செங்கல்வராயன் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

"அய்யோ, பேய்!" என்று அலறிப் பூசாரியைக் கட்டிக்கொண்டார் தேசப்பன். "தலைவரே, உன்னக் கொன்னது அவதான்! நானில்ல!"

"யோவ்! நாலு மாத்திரையில ரெண்டு உன்னுது!" என்று கத்தினாள் ஜமுனா.



"யாருடா செத்தது?" என்றார் செங்கல்வராயன். "எனக்குச் சக்கர வியாதி. சர்பத்த ஜன்னலுக்கு வெளிய உன் கோழிக்கு ஊத்தினேன், கோழி மல்லாந்துச்சி. கதவும் பூட்டியிருந்துச்சி. ஜன்னலு வழியாவே எறங்கி வந்துட்டேன்."

"துரோகி! துண்டப் புடுங்குங்கடா!" என்று கூட்டம் பாய்ந்தது. குறுக்கே விழுந்து தடுத்தது செங்கல்வராயன்தான்.

"எவனும் தொடக்கூடாது! ஆத்தா முன்னால போட்ட துண்டு!"

தேசப்பன் பொலபொலவென்று அழுதுவிட்டார். "உனக்குப் போயி துரோகம் பண்ணனே! துண்ட நீயே வாங்கிக்க தலைவரே."

செங்கல்வராயன் துள்ளிப் பின்வாங்கினார். "எனக்கு வேணாம்பா! பக்கத்துக் குப்பத்து வலைய நம்மாளுங்க எரிச்ச கேஸ்ல, ஊருக்காகத் தலைவருதான் பொன்னேரி கோர்ட்ல சரண்டராயி உள்ள போவணுமாம். வக்கீலு போன வாரமே சொல்லிட்டாரு. திங்கக்கிழம மறக்காம போயிடு."

அப்போது காலிக் கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் கோவிந்தம்மா.

"இன்னா தலைவரே, நீ சொல்லிக் குடுத்த குறிய அப்படியே இவராண்ட சொல்லிட்டேன்ல, கூலியாப் பேசின எறா எங்க?"