எட்டாவது இடம்

காலை ஒன்பது பத்துக்கே மாமனார் ஆசாத் போன் போட்டுவிட்டார். உளுந்தூர்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மருமகனைத் திட்டிவிட்டுத்தான் முதல் போணி என்பது ஒரு வாரமாக அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"மாப்ள, உன் பொட்டி இன்னிக்கும் வாயத் தொறக்க மாட்டேங்குது. சரக்கு வண்டிய அனுப்பறதா, வேணாமா?"

நவுஷாத் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அவனுடைய ஜெராக்ஸ் கடை. மேஜைமேல் ஒரு பழைய லேப்டாப். அதன் கறுப்புத் திரையில் ‘பேர் இன்னா?’ என்று ஒரே ஒரு வரி. கேட்டுப் பத்து நிமிஷம் ஆயிற்று. எதிர்முனையில் யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பேர் சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் பின்னால் வரிசையில் நிற்கிற ஏழு கடைக்காரர்களும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. எந்த ரோட்டை எப்போது மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. வியாபாரிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. யாருக்கு எத்தனை சதவீதம் என்கிற சண்டையில் அது மூன்றாக உடைந்தது. உடைந்த மூன்றிலும் போன வருஷத்து மறியல் வீடியோ ஒன்றே சுற்றிச்சுற்றி வந்தது. கொரோனா சமயத்தில் யூடியூப் பார்த்து ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட நவுஷாத், இதற்கு நாமே ஒரு வழி செய்தால் என்ன என்று கிளம்பினான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆசை எல்லோருக்கும் ஒரு வயதில் வரும். அவனுக்கு முப்பத்திரண்டில் வந்தது.

ஏற்பாடு எளிது. பஸ் ஸ்டாண்டுக்கு வரும் டிரைவர்களிடம் விசாரித்து, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று லேப்டாப்பில் எழுதி வைப்பான். கடைக்காரர்கள் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அதோடு சேர வேண்டும். அது பேர் கேட்கும், எந்த ரோடு என்று கேட்கும், பதில் சொல்லும், அடுத்த ஆளைக் கூப்பிடும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வந்தவர் வாயைத் திறக்காவிட்டால் அது காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவன் எழுத மறந்திருந்தான்.

இந்தத் தொண்டெல்லாம் ஊருக்காக என்று ஊர் நினைத்தது. நவுஷாதுக்கு ஊர் இரண்டாம் பட்சம்.

அவன் மனைவி அப்சானா பிறந்த வீட்டுக்குப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் கடைக்கு வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் காதில் ஒரு போன், கையில் யாரோ ஒருவருடைய ஆதார் அட்டை, எதிரில் நான்கு பேர். ஒரு நிமிஷம் என்றான். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி ஒரு நிமிஷம். மூன்றாவது முறை அவள் ஆரம்பிக்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் சொல்ல வந்தது என்னவென்று அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டு முறை நேரில் போனபோது உள் அறையைவிட்டு வரவில்லை. ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு டம்ளரைக் கழுவி வைத்து, ராத்திரி யாரிடமும் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்காமல் அணைக்கிறபோதெல்லாம் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

மாமனார் கடைக் கம்ப்யூட்டரில் அந்த ப்ரோகிராமைப் போட்டுக் கொடுத்ததே அதற்காகத்தான். என்றைக்காவது மாமா சாப்பிடப் போன நேரத்தில் அவள் கடையில் உட்காருவாள். அது பேர் கேட்கும். அப்சானா என்று அடிப்பாள். அவனுக்கு அது போதும்.

அவள் கடைப்பக்கம் வருகிறாளா என்று மாமனாரிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தான். வீட்டைவிட்டு அசைவதே இல்லை என்றார் அவர். இருந்தாலும் வருவாள். வரும் அன்றைக்கு பேர் சொல்லாத இந்த ஊமை முன்னால் உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்தால், அவள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு மறுபடி போய்விடுவாள்.

ஆகவே ஊமையை விரட்ட வேண்டும்.

முதலில் ப்ரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினான். ஓடிய மறுநொடி முதல் ஆளாக ஊமை வந்து உட்கார்ந்தது. லைன் கிடைக்கிற வரைக்கும் விடாமல் தட்டு என்று எல்லோருடைய ப்ரோகிராமிலும் எழுதி வைத்திருந்தவன் அவனேதான். யாரை நொந்து என்ன?

அடுத்து, முப்பது விநாடிக்குள் பேர் சொல்லாவிட்டால் வெளியே என்று ஒரு வரி சேர்த்தான். ஆசாத் ஒற்றை விரலால் தட்டுகிறவர். தன் பேரில் பாதி வருவதற்குள் வெளியே விழுந்தார். பதினொரு முறை விழுந்தார். நைனார்பாளையத்து மக்காச்சோள வியாபாரி நாராயணசாமி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் விழுந்தார். ஊமை மட்டும் விழுந்த வேகத்தில் எழுந்து வந்து உட்கார்ந்தது. அரை மணி நேரத்தில் மாமனார் போனில் பேசிய பேச்சைக் கேட்டு நவுஷாத் அந்த வரியை எடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை பெரிய வைத்தியமாகவே பார்த்தான். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஆளை உட்கார வைக்கிற மாதிரி ப்ரோகிராமை மாற்றி எழுதினான். ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவருக்கு நஷ்டமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்தார்கள், எல்லோரும் கேட்டார்கள். ஆனால் பதில் போக வேண்டிய விலாசத்தை எழுதி வைக்க ஒரே ஒரு இடம்தான் விட்டிருந்தான். புதிதாக ஆள் வரவர பழைய விலாசம் அழிந்தது. ஏழு பேருக்கான பதிலும் கடைசியாக வந்தவருக்கே போனது.

கடைசியாக வந்தவர் சின்னசேலம் பழக்கடை உமர் பாரூக். அவருக்கு ‘போகலாம்’, ‘போகாதீங்க’, ‘போகலாம்’, ‘மதியத்துக்கு மேல பாத்துக்கலாம்’ என்று வரிசையாக வந்தது. அவருடைய சாத்துக்குடி வண்டி சேலம் ரோட்டில் போவதும் திரும்புவதுமாக டீசலைக் குடித்துத் தீர்த்தது.

நாராயணசாமி வெள்ளிமலை ரோட்டைக் கேட்டிருந்தார். பதிலே வரவில்லை. மௌனம் சம்மதம் என்று மலையிலிருந்து சோளம் ஏற்றிவரக் கிளம்பியவர் நேராக மறியலுக்குள் போய் நின்றார். நல்ல மனுஷர்கள், எலுமிச்சைச் சாதம் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது. அவருக்கும் அந்தக் கோரிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நவுஷாதுக்குப் போன் செய்து, தன் சம்சாரம் அந்தப் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டதாகவும், இதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலமே நவுஷாத் தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்தான். ஆளுக்கு ஒரு விலாசம். லேப்டாப் பழசு என்பதால் எட்டுப் பேருக்கு மேல் சேர முடியாது என்று வரம்பும் வைத்தான். கடைகள் ஏழு. ஊரே இட ஒதுக்கீடு கேட்டுக்கொண்டிருந்த அந்த மாசத்தில், யாரும் கேட்காமலேயே எட்டாவது இடத்தை அவன் அப்சானாவுக்கு ஒதுக்கினான்.

அவள் பேர் வந்தால் மட்டும் ‘எந்த ரோடு?’ என்று கேட்கக் கூடாது. வேறு என்ன கேட்பது? எப்படி இருக்க என்று எழுதினான், அழித்தான். வூட்டுக்கு வா என்று எழுதினான், அதிகாரமாக இருந்தது, அழித்தான். கடைசியில் ‘சொல்லு, கேட்டுக்கினு இருக்கேன்’ என்று எழுதி வைத்தான். எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மா, தூசியா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எட்டாவது இடம் நிரம்பியது. நவுஷாத் திரையைப் பார்த்தான். ‘பேர் இன்னா?’ என்றது. பதில் இல்லை. ஒன்பதரைக்கும் இல்லை. அதே ஊமைதான்.

அவனுக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரன் பொறாமையில் செய்கிற வேலை என்று முடிவு கட்டினான். அவளுக்காகக் காலியாக வைத்த இடத்தில் எவனோ வந்து கால்மேல் கால் போட்டு உட்காருவதா? ‘பேச இஷ்டமில்லாதவங்களுக்கு இங்க இடம் கிடையாது, வேற வேலை இருந்தா பாருங்க’ என்று அடித்து அனுப்பி, அந்த லைனைத் துண்டித்தான். இனி எப்போதும் உள்ளே வர முடியாதபடி அதன் கம்ப்யூட்டர் எண்ணையும் அடைத்தான்.

அதன்பிறகு ப்ரோகிராம் வெண்ணெயாக ஓடியது. ஏழு பேருக்கும் கேட்டது கேட்ட மாதிரி பதில் போனது. உமர் பாரூக் மன்னித்தார். ஆசாத்துகூட, பரவால்ல மாப்ள, இப்பதான் உனக்குப் புத்தி வந்துக்குது என்றார். நவுஷாத் மட்டும் எட்டாவது இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அது காலியாக இருந்தது. ஜும்மா தொழுகைக்குப் போய்வந்தும் பார்த்தான், காலியாகவே இருந்தது.

சனிக்கிழமை பத்து மணி வாக்கில் அம்சவள்ளி கடைக்கு வந்தாள். மாமனார் வீட்டில் பத்து வருஷமாக வேலை செய்கிறவள். கையில் இரண்டு காலிப் பைகள். அப்சானாவின் துணிமணிகளையும் சர்ட்டிபிகேட்டுகளையும் வாங்கி வரச் சொன்னார்கள் என்றாள். இனிமேல் அங்கேயே இருக்கப் போகிறதாம் பாப்பா. அப்சானாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நவுஷாத் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். இவ்வளவு நாள் கேட்காத துணியை இன்றைக்கு ஏன் கேட்கிறாள்?

"அதான் தம்பி எனக்கும் புரியல. நேத்து மத்தியான பஸ்ஸுக்கு உங்க வூட்டுக்குக் கெளம்பறதா விடியக்காலமே பையெல்லாம் கட்டி வச்சிருந்திச்சு. அப்பறம் அதுவே எல்லாத்தையும் அவுத்துப் போட்டுச்சு."

"இன்னாத்துக்கு அம்சவள்ளிக்கா? நான் இன்னா பண்ணேன்?"

அம்சவள்ளி பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னா தெரியும் தம்பி, உங்க மாமனாரு தெனமும் 'மாப்ள யாருக்குமே பதில் சொல்ல மாட்டேங்குறான்'னு திட்டுவாரு, பாப்பா அதையே வூட்டுக் கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கினு, பேரு கேட்டா அடிக்காம முன்னால உக்காந்துக்கினு 'ஊரையே நிறுத்தி வச்சிட்டு எனக்காகத்தான் காத்துக்கினு இருக்காருக்கா'ன்னு சிரிச்சிக்கினே இருக்கும், நேத்து காலையிலதான் அந்தப் பொட்டி பாப்பாவ வெளிய போகச் சொல்லிட்டுதாம்."