உன் பெயரில் வந்த இதயம்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள தம்பி பாண்டியராஜனுக்கு,

அக்கா சந்திரவல்லி எழுதுவது. இங்கே நானும் வீடும் இருக்கிறோம். மலையில் நீயும் ஏலக்காய்த் தோட்டமும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘நலம்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது பரிசோதித்துப் பார்த்த பிறகு எழுத வேண்டிய சொல்.

முதலில் ஒரு திருத்தம். எதிர்வீட்டு யோகராஜ் “புதன்கிழமை போயிருவான்” என்று நான் வாய்வைத்ததாகவும், அதனால்தான் அவன் செத்ததாகவும் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் கிழமை எதுவும் சொல்லவில்லை. “நாற்பத்தேழு வயதாகிறது, உன் அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை, ஒருமுறை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்” என்றுதான் சொன்னேன். பீடி, சிகரெட், குடி எதுவும் இல்லாத ஏலக்காய் வியாபாரி, தினமும் விடியலில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவன். “நானெல்லாம் போடிமெட்டுக்கே மூச்சு வாங்காம ஏறுவேன் ஆத்தா” என்று என் வாசலில் பத்துத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினான். அது திங்கட்கிழமை. புதன்கிழமை நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை. ஒரு காலில் ஷூவோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கழற்றிய மற்றொரு ஷூ நேற்றுவரை அந்தப் படியிலேயே கிடந்தது. அவன் மனைவி பொற்கொடி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

துக்கம் கேட்க இறங்கி வந்த நீ, நான் பரிசோதனைப் பேச்சை எடுத்ததும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். வெள்ளிக்கிழமைக்குத் தேனி ஆஸ்பத்திரியில் நம் இருவர் பெயரையும் நானே பதிந்தேன். காலையில் என் முறை, மதியம் உன் முறை. சமையல் செய்யும் அன்னக்கொடி குடை பிடித்துக்கொண்டு என்னோடு வந்தாள். என் ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதுக்கு ஆச்சரியமான இதயம் என்று டாக்டர் சொன்னாராம். பார்த்துக் கற்றுக்கொள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். பாண்டியராஜன் என்பவருடைய ஈசிஜி சரியில்லை, அவர் ரிப்போர்ட் வாங்காமலே போய்விட்டார், உடனே அழைத்து வாருங்கள் என்றார்கள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் தரையில் உட்காருகிறவளா என்று உனக்கே தெரியும். பதினொரு முறை உனக்கு போன் போட்டேன். பன்னிரண்டாவது முறை எடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

“அக்கா, அது நான் இல்லக்கா! தோட்டத்துல காய் எடுப்பு. சோலி கெடுமேன்னு நம்ம ஜீப்பு டிரைவர் சின்ராசுவ, ஏம் பேரச் சொல்லிப் படுத்துட்டு வாடான்னு அனுப்பிச்சேன். எனக்கு ஒண்ணுமில்ல, அழுவாத!”

ஏல மையத்துக்குச் சாம்பிள் பொட்டலத்தை அனுப்பிவிட்டு நீ தோட்டத்தில் இருக்கலாம். இதயத்துக்கும் சாம்பிள் அனுப்பலாம் என்று யார் சொன்னது? அதுவும் வேறொருவன் சாம்பிளை? நீ சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது உனக்கு உறைக்கவில்லை. அப்படியானால் அந்த இதயம் சின்ராசுவுடையது. முப்பத்தொன்பது வயது. தினமும் காலையில் தோட்ட வேலைக்குப் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறவன். சொன்னால், “அவனா? மூட்டைய ஒத்தையில தூக்குவான்க்கா. மிசினு தப்பாக் காட்டியிருக்கும்” என்கிறாய்.

நானே ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். பெட்டிக்கடையில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

“எத்தனையாவது சோடாடா?”

“நாலாவது, ஆத்தா. நெஞ்சுக்குள்ள வாயு நிக்கிது. ஒரு ஏப்பம் வந்துட்டா சரியாப் போயிரும்.”

“எத்தனை நாளா ஏப்பத்துக்குக் காத்திருக்க?”

“பத்து நாளா.”

“கிளம்பு, உன் முதலாளியின் இதயத்தைப் பார்க்கணும்.”

“ஐயையோ, அவருக்கு என்னாச்சு?”

“அவருக்கு இதயமே கிடையாது. வெரசா வா.”

அவன் ஜீப் சாவியை எடுத்தான். நான் பிடுங்கிக்கொண்டு டாக்சி பிடித்தேன். தேனியிலிருந்து ஆம்புலன்சில் மதுரை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளிலெல்லாம் உன் பெயர். நர்ஸ் “பாண்டியராஜன்!” என்று கூப்பிட்ட போதெல்லாம், “முதலாளி வந்துட்டாகளா?” என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தான். பெயரை மாற்ற நான் மூன்று கவுண்ட்டரில் உன் புத்திசாலித்தனத்தை விளக்க வேண்டியிருந்தது. முக்கியமான ரத்தக்குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஜீப்போடு பள்ளத்தில் போக வேண்டியவர் என்றார் டாக்டர். ஜீப்பில் இன்னும் பத்துப் பேர் என்று நான் சொல்லவில்லை.

சின்ராசுவின் இதயம் தெரிந்துவிட்டது. உன்னுடையது தெரியவில்லை. அப்பா ஐம்பத்தெட்டில் ஏலக்காய் காய வைத்த இடத்திலேயே சாய்ந்தார். வரும் தையில் உனக்கு ஐம்பத்தெட்டு. கையில் எடுத்த காயைப் பிளந்து விதையைப் பார்க்காமல் நீ விலை பேசுவதில்லை. தோல் பச்சையாக இருக்கும், உள்ளே பொக்கு என்று எனக்கே பாடம் எடுப்பாய். உன்னைப் பிளக்க வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றிப் படுத்தால் போதும். அதற்குக்கூடத் தைரியமில்லாதவனை என் தம்பி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலப்பர் உன்னைக் காக்கட்டும். அவர் பார்க்காத மிச்சத்தை டாக்டர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சந்திரவல்லி

பின்குறிப்பு: பொய் சொன்னால் கான்வென்ட்டில் சிஸ்டர் முட்டி போட வைப்பார். அந்த முட்டி இன்னும் வலிக்கிறது. இதோடு வைத்திருக்கும் ரிப்போர்ட் என்னுடையது அல்ல. முன்பின் தெரியாதவர் எதிரில் ரவிக்கையைக் கழற்றுவதா என்று, அறை வாசலில் குடையை நான் வாங்கிக்கொண்டு அன்னக்கொடியை உள்ளே அனுப்பினேன். நம் குடும்பத்தில் இருவர் பரிசோதனை செய்துகொண்டதாகத் தாளில் இருக்கிறது. இருவருமே செய்துகொள்ளவில்லை. மூன்று வாரமாக மாடிப்படி ஏறினால் இடது தாடையில் ஒரு வலி. பல்வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் எனக்குப் பல்லே கிடையாது. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் நம் இருவர் பெயரையும் பதிந்திருக்கிறேன். உன் மாமா போன பிறகு நான் எதற்கும் துணை கேட்டதில்லை. இதற்குக் கேட்கிறேன். வருகிறாயா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி, இந்தக் கடிதம் கொண்டுவரும் ஜீப்பிலேயே கொடுத்தனுப்பு.