நாலு மூலையிலும் முத்திரை

எதையாவது சேகரிக்கிறவனுக்கு வெட்கம் குறைவு. கடித உறை சேகரிக்கிறவனுக்கு அது அறவே கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட அங்கே வந்திருக்கும் தபாலின் முத்திரையை ஓரக்கண்ணால் பார்க்கிற ஆசாமி அவன். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

யுத்தம் நடந்த நாற்பதுகளில் நாங்கள் ராயப்பேட்டையில் குடியிருந்தோம். அப்பா இல்லாத வீடு. மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் நான் குமாஸ்தா. மற்றவர்கள் தபால் தலை சேர்த்தபோது நான் பட்டாளத்திலிருந்து வரும் கடித உறைகளைச் சேர்த்தேன். அவற்றில் அனுப்பிய ஊரின் பெயர் இருக்காது. வட்ட முத்திரையில் பட்டாளத் தபாலாபீஸின் எண் மட்டும் இருக்கும், பக்கத்தில் சென்ஸார் முத்திரை. இரண்டும் பளிச்சென்று விழுந்த உறை கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். (மிகைதான். இரண்டாம் முறை பரிமாறும் சோறு வேண்டாம்.)

அக்காவின் கணவர், எங்கள் மாமா, பர்மா எல்லைப் பக்கம் பட்டாளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அக்கா எங்களோடு இருந்தாள். அவளுக்கு மாமா தமிழில் விலாசம் எழுதிக் கடிதம் போடுவார். படித்தபின் உறை எனக்கு வரும். ஆனால் ஒன்றிலும் முத்திரை உருப்படியாக விழவில்லை. ஆகவே மாமாவுக்கு நானே எழுதினேன். என் பெயருக்குத் தனியாக ஓர் உறை அனுப்ப வேண்டும், விலாசம் இங்கிலீஷில் இருக்க வேண்டும், நாலு மூலையிலும் முத்திரை நல்ல கறுப்பாக, அழுத்தமாக விழ வேண்டும். இதில் என்ன ஆபத்து என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், வழியில் மூலை மடங்கிவிடுமே என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கடிதம் வருவது நின்றுபோயிற்று. தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலை விட்டு நகரமாட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனபின் உள்ளே வந்து அரிசி களைவாள்.

ஒரு சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கி வந்தால் எங்கள் வீட்டு முன்னால் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். எதிர் வீட்டுத் தையல்காரர் கரீம் பாய் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றிருந்தார். வாசலுக்கு வெளியே, மதில்மேல், ஒரு கல்லுக்கு அடியில் என் உறை இருந்தது.

நல்ல காரியக் கடிதம் என்றால் மூலையில் மஞ்சள், சாவுக் கடிதம் என்றால் கறுப்பு. இது தெரியாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை. அதுவும், தபால்காரர் சொன்னபடி, பெண்டாட்டிக்கு வராமல் வீட்டு ஆண்பிள்ளையின் பேருக்கு, படிக்கத் தெரியாத இங்கிலீஷில் வந்திருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று வெளியிலேயே வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் அவள் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தது உறையை மட்டும். நாலு மூலை, நாலு வட்டம், எண்கூடத் தெளிவாகப் படிக்கலாம். என் முகம் மலர்ந்துவிட்டது.

"யார் இதும்மேல கல்ல வெச்சது?" என்றேன்.

"படிடா," என்றாள் அம்மா. "இன்னா எழுதிகீதுன்னு படி."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறையைக் கிழிக்கக் கூடாது, ஆவியில் காட்டினால் பசை தானாக விட்டுவிடும், கொஞ்சம் வெந்நீர் வையுங்கள் என்றேன். தலைமுழுகத்தான் வெந்நீர் கேட்கிறேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

அக்கா எழுந்து வந்தாள்.

"உனுக்குக் கவரு வேணும். எனக்கு ஆளு வேணும்."

என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு முத்திரையின் நடுவிலேயே கிழித்தாள். உள்ளே மாமாவின் தமிழ். 'மச்சானுக்கு, நீ கேட்டபடி நாலு மூலையிலும் குத்தியாச்சு. உனக்குப் பைத்தியமா என்று தபால் குமாஸ்தா கேட்கிறார். உன் அக்காவுக்குப் போட்ட கடிதமெல்லாம் வந்ததா? நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.' அதுவரை அழாதவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

'நீ கேட்டபடி' என்பது மற்றவர்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அம்மா அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள். கரீம் பாய் குறுக்கே வந்து, "வுடுங்கம்மா, ஆளு நல்லா கீறாரே, அத்த பாருங்க," என்று சொல்லியிராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை. பல நாள் அக்காவின் நெற்றியைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

மறுநாள் அவள் மஞ்சளைக் குழைத்து, நாலு கறுப்பு வட்டங்களின் மேலும் அப்பினாள். காய்ந்ததும் நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். யுத்தம் முடிந்து மாமா வந்ததும் முதலில் கேட்டது அந்த உறையைத்தான். பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. மயிலாப்பூரில் ஒரு பெரிய சேகரிப்பாளரிடம் பிற்பாடு காட்டினேன். கிழிசல், மஞ்சள் கறை, ஒன்றுக்கும் உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் ஆல்பத்தில் முதல் பக்கம் அதற்குத்தான்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் நான் எதன் மேற்பூச்சைப் பற்றிக் குறை சொன்னாலும், "கவரா, ஆளா?" என்று யாராவது கேட்பார்கள். நிறைய வயசாகி மாமா காலமானபோது காரியப் பத்திரிகை அச்சாகி வந்தது. மூலைகளில் கறுப்பு சரியாக விழவில்லை என்று அச்சுக்காரரிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்ன பிறகுதான் அக்கா பக்கத்தில் இருப்பது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் சொல்றது சரிதான், நல்லா போட்டுக் குடுப்பா," என்றாள். "இந்தத் தபா ஆளு இல்ல. கவராவது நல்லா இருக்கட்டும்."