டைம் கீப்பர் வைத்த ஈஸ்டர் கறி

உலகத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னிக்கலாம். எங்கள் கீழ் வீட்டு டைம் கீப்பரை மட்டும் மன்னிக்கவே முடியாது. நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் இருந்த ஒரு குடும்பத்தை, ஈஸ்டர் அன்று மாலை ஐந்து மணி வரை காயப் போட்டவர் அவர். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். நிஜப் பெயர் பங்குச் சாமியாருக்கே தெரியாது. மற்ற டைம் கீப்பர்கள் பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புவார்கள். இவர் நேரத்துக்கு முன்னால் அனுப்புவார். டீ குடிக்கப் போன டிரைவரையே விட்டுவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸைக் கிளப்பப் பார்த்தவர் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு அனுப்புவதற்குப் பஸ் இல்லையா, எங்களை அனுப்ப ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதற்குள் இவர் பந்தியில் பாயசத்துக்கு வந்திருப்பார். இழவு வீட்டில் பெட்டி கிளம்பும் முன்பே கல்லறையில் போய் நின்றுகொண்டு, "என்னப்பா, இன்னும் காணோம்?" என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மனிதருக்கு ஒரு மனைவி இருக்கிறார். நாங்கள் அக்கா என்போம். மாட்டுக்கறி வேக எட்டு விசிலாவது வேண்டும். அக்கா குக்கரை ஏற்றினால் மூன்றாவது விசிலில் இவர் வந்து அடுப்பை அணைத்துவிடுவார். "போதும்டி, எடு எடு!" கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கறி வெந்ததே இல்லை. அக்காவும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. இவருக்குப் பரிமாறிக்கொண்டே நின்றபடி நாலு வாய் போட்டுக்கொள்வதுதான் சாப்பாடு.

பொங்கல் முடிந்து அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பார்க்கப் போன என் மனைவியிடம், இவர் பக்கத்தில் நிற்கும்போதே அக்கா சொன்னாராம்: "முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு தாயி. ஒரு நாளாச்சும் உக்காந்து, வெந்த கறியாத் திங்கணும்."

மறுநாளே டைம் கீப்பர் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கிவிட்டார். கறியை முழுசாகப் போட்டு மூடி, கரண்டில் எட்டு மணி நேரம் விட்டால் பஞ்சாக வெந்துவிடும் என்று கோயமுத்தூர் மகள் போனில் சொல்லியிருக்கிறாள். ஈஸ்டர் சாப்பாடு அவர் கையால்தான், அக்கா சமையல்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சபதம். எங்களுக்கும் அழைப்பு. "நீங்க ஒண்ணும் ஆக்கவேணாம் தம்பி. ஒரு மணிக்கு டாண்ணு சாப்பாடு."

நம்பினேன். என்னைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

சனிக்கிழமை கறிக்கடைக்கு நானும் கூடப் போனேன். தொடைக்கறி இரண்டு கிலோவை எடுத்துப் பழக்கதோஷத்தில் துண்டு போடக் கத்தியை ஓங்கினார் கடைக்காரர். "ஏலே, வெட்டாதப்பு! முழுசா வேணும்!" என்று இவர் போட்ட சத்தத்தில் அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"முழுசா எப்பிடிண்ணே வேகும்?"

"எட்டு மணி நேரம் வேகவிட்டா வேகும்."

"யாரு, நீங்களா எட்டு மணி நேரம் பொறுக்கப் போறீக?" கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் அன்று காலை ஐந்து மணிக்கு மிளகும் உப்பும் தடவி, சட்டியில் நாலு பக்கமும் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கோடு ஸ்லோ குக்கருக்குள் வைத்து மூடியிருக்கிறார். அதுவரை குறையில்லை. ஆனால் மூடி கண்ணாடி. ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. திறந்து பார்த்தார். ஒரு தடவை திறந்தால் சூடு இறங்கி அரை மணி நேரம் கூடும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. பஸ் புறப்பாடு தவிர வேறெதையும் இவர் படித்ததில்லை.

ஏழு மணிக்கு அக்கா படுக்கையிலிருந்து எனக்குப் போன் செய்தார். "தம்பி, செத்த கீழ வாங்க. இந்த மனுசன் ஆறு தடவ தொறந்துட்டாரு. எனக்கு வாசம் வருதுல்ல?"

ஆக, ஒரு மணிச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விட்டது. ஈஸ்டரும் அதுவுமாக, ஒரு சட்டிக்குக் காவலாக நான் சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். குடத்தை வெளியே வைத்தேன். கேரட் போட மறந்துவிட்டேன் என்றார். பொய். நான் பாத்ரூம் போய் வருவதற்குள் ஏழாவது தடவை திறந்துவிட்டார். நாலரை!

"அண்ணே, பிள்ளைக காலைலருந்து பிஸ்கட் திண்டுக்கிட்டு இருக்குக. பேசாமக் குக்கர்ல மாத்தி எட்டு விசில் விடுங்க" என்று கத்தினேன்.

"வேணாம் தம்பி. குக்கர்னா எனக்குக் கை நிக்காது. மூணாவதுல அணைச்சிருவேன். என்னைய எனக்குத் தெரியாதா?"

திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்து நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மணிக்கு அவர் தெரு வாசலுக்குப் போன நேரம், பசி தாங்காமல் நானே மூடியைத் திறந்துவிட்டேன்.

"தம்பி, நீங்களுமா?" என்றது உள்ளிருந்து அக்காவின் குரல்.

டைம் கீப்பர் ஓடி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி. இந்த அரை மணி லேட்டு உங்களால!" என்னை! அவர்! சொன்னார்! அதோடு நாற்காலியைப் பிடுங்கிச் சமையல்கட்டு வாசலில் போட்டு அவரே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். ஐந்து வரை யாரையும் உள்ளே விடவில்லை, தன்னையும் சேர்த்து.

ஐந்து மணிக்கு அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து மேஜை முன்னால் உட்கார வைத்து, காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, முதல் துண்டை அக்கா தட்டில் வைத்தார். விரல் பட்டதும் கறி பிரிந்து வந்தது. அக்கா வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்றார். டைம் கீப்பர் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். கடிகாரம் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா அந்தத் துண்டை முடித்து, இரண்டாவதையும் முடித்து, தண்ணீர் குடிக்கும் வரை அப்படியே நின்றார்.

"வெந்திருக்கு. நீங்களும் உக்காருங்க" என்றார் அக்கா.

பக்கத்தில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல், தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு அந்த மனிதரை நாலு அறை விட வேண்டும். அந்த நிமிஷம் எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. கையெல்லாம் குழம்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.