ராஜாவைப் பாயவிடாத மிஷின்

ஜவ்வாது மலை,
மார்ச் 1984

துபாயில் இருக்கும் செபாஸ்டியன் மாமாவுக்கு மருமகன் மரியஜோசப் ஸ்தோத்திரம்.

இந்த மலைச் சனங்கள் இன்னும் புளி மூட்டையைத் தலையில் சுமந்து ஆலங்காயம் சந்தைக்கு நடப்பதற்கு நீங்கள்தான் காரணம். அத்தை சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் சுகமாக இருக்க நியாயமில்லை.

நான் வாத்தியாராக இருக்கும் ஊரில் ஒரே லாரி, புளி கான்ட்ராக்டர் சக்கரவர்த்தியுடையது. ஓட்டுவதும் அவரே. அவருடைய எடைக்கல்லை நம்பாதவர்களை வண்டியில் ஏற்றமாட்டார். சதுரங்கத்தில் தன்னை ஜெயிக்க ஆளில்லை என்பது அவர் பெருமை. அதனால்தான் நீங்கள் அனுப்பிய செஸ் மிஷினை டீக்கடை பெஞ்சில் வைத்துப் பந்தயம் கட்டினேன்: மிஷின் ஜெயித்தால் சனங்களும் மூட்டைகளும் லாரியில் போகும். ஊரே கூடிவிட்டது. அவர் காயை மிஷினின் கட்டத்தில் அழுத்தி வைக்க, மிஷின் சிவப்பு விளக்கால் பதில் காட்ட, நான் அதற்குக் கூலியாளாகக் காய் நகர்த்த, அவருடைய மந்திரி போய், யானை போய், ராஜா மூலையில் ஒண்டியபோது மனதில் நான் எல்லாரையும் லாரியில் ஏற்றியே விட்டேன்; அப்போதுதான் அந்த மனிதர் ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி தாண்டி வைத்தார். செக் வாங்காத ராஜாவுக்கு ஒருமுறை அந்தப் பாய்ச்சல் உண்டு என்பது நம் பக்கத்து வழக்கம். மிஷினுக்கு அது தெரியவில்லை. கீச்சென்று கத்தியது. மறுபடி அழுத்தினார், மறுபடி கத்தியது.

"இன்னா வாத்தியாரே, தோக்கறப்ப அழுவுது உன் பொட்டி?" என்றார்.

புளி மூட்டை சுமந்து கழுத்துச் சுளுக்கோடு நின்ற பச்சையம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன்.

"ராஜா ஒரு தபா பாயலாங்க. ஊரு வழக்கத்த மாத்த இந்தப் பொட்டி யாரு?" என்றாள்.

"அழுவுணி ஆட்டம்!" என்று, அவளைப் போலவே மூட்டை சுமக்கும் தீர்த்தகிரி கைதட்டினார். பந்தயம் போயிற்று.

தங்கள் தலைச்சுமைக்குத் தாங்களே தீர்ப்பெழுதும் சனங்கள்! எடைக்கல்லில் நியாயம் கேட்க வாய் வராது, கட்டை ராஜாவுக்கு மட்டும் வரும்.

நான் விடப்போவதில்லை. ராஜா பாயத் தெரிந்த மிஷின் ஒன்றை உடனே தேடி அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்களே வந்து அவர் எதிரில் உட்காருங்கள்.

அத்தைக்கும் குழந்தை ரோசிக்கும் அன்பு. மாதா உங்களைக் காக்கட்டும். மிஷின் விற்றவனை வேண்டாம்.

மரியஜோசப்

பின்குறிப்பு: ஒன்றும் அனுப்ப வேண்டாம். பாய்ச்சல் இல்லாமலே ஜெயிக்கிறேன் என்று இன்று காலை சக்கரவர்த்தியே வந்து உட்கார்ந்து, தோற்று, எல்லாரையும் ஏறச் சொல்லிவிட்டார். மூட்டைகளோடு ஏறியும் விட்டார்கள். ஆனால் "இன்னும் ஒரே ஆட்டம்" என்று மிஷினை ஆகக் கடினமான படியில் வைத்தார். அந்தப் படியில் அது ஒரு காய்க்கு மணிக்கணக்காக யோசிக்குமாம். விளக்கு மினுங்குகிறது. லாரிச் சாவி அவர் மடியில். சந்தை கலையும் நேரம். நிமிர்ந்தே பார்க்காத அவரிடம், மூட்டைமேல் எழுந்து நின்று பச்சையம்மா கத்திக்கொண்டிருக்கிறாள்: "யோவ், வண்டிய எடுக்கறியா, இல்லியா?"