வழவழம்மாவின் பாவப்பொடி

மூன்றாம் மாடிக்குப் போகும் படிக்கட்டில் காலை ஆறு மணிக்கே அறுபது பேர். கீழே ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே வழவழம்மா. பல்வலியோடு வந்தவர்கள் படியேற வழியில்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகட்டும். டாக்டர் பிடுங்குவது வெறும் பல். மேலே இருப்பவளோ பாவத்தையே பிடுங்குகிறவள்.

என்ன பாவம் என்கிறீர்களா? காதைக் கொடுங்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. 'அந்த இடத்து' முடி. இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிரதேசம். அங்கே முடி வளர்வது உடம்பின் வேலை என்றுதான் எல்லோரும் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். இல்லையாம். மனிதன் ஒளித்து வைத்த பாவம் ஒளிவான இடத்தில் முளைக்கிறதாம். வழவழம்மாவுக்கு ஞானத்தில் தெரிந்ததாம். பிளேடு வேண்டாம், மெழுகு வேண்டாம். அவளுடைய பொடி, அவளுடைய மந்திரம், ஏழே நிமிடம். துடைத்து வைத்த பளிங்குத் தரை!

வரிசையில் ஒரு விசேஷம். நின்ற அறுபது பேரில் ஒருவர்கூடத் தனக்காக வரவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே தலைகீழாக விரித்திருந்த பேங்க் மேனேஜர் பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்திருந்தார். உடற்பயிற்சி மாஸ்டர் தாய்மாமனுக்காக. பாட்டு டீச்சர் ஒன்றுவிட்ட அக்காவுக்காக. இப்படிப் பிறருக்கு உழைக்கும் நல்லவர்களை ஒரே படிக்கட்டில் பார்ப்பது அபூர்வம்.

பத்தாவது படியில் நின்றவள் தெருமுனைத் தையல்காரி. ஊரில் பாதிப் பெண்களின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். பக்கத்தில் அவள் நாத்தனார், தபால் நிலையத்தில் நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள். இன்னும் பத்து நாளில் கல்யாணம். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பார்களே, இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இருவரும் ஒரே தலையணையில் படுத்துக் கதை பேசுகிறவர்கள். அதனால்தான் வெளியே கேட்க முடியாததை நாத்தனார் அண்ணியிடம் கேட்டிருந்தாள்.

"பிளேடு போட்டா பொரிப்பொரியா கிளம்புது அண்ணி. முடி உள்ளேயே சுருண்டுக்கிட்டுக் கட்டியாயிடுது."

"மெழுகு வச்சு இழுக்கறாங்களே, அது?"

"போன வருஷம் கால்ல வச்சு இழுத்தாங்க. ஒரு கால் முடிஞ்சதும் இன்னொரு காலைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவ நான். அங்கே இழுத்தா உயிரோட வருவேனா?"

"க்ரீம்?"

"டப்பாவைப் படிச்சேன். அந்த இடத்துக்குப் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"அப்ப கத்தரியால ஒட்ட வெட்டிட்டு சும்மா இரேன்டி."

"உங்க கத்தரியைக் குடுங்க."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! அதுல நான் காகிதம்கூட வெட்ட விடமாட்டேன்."

டாக்டரிடம் கேட்கலாமா என்று ஒரு நொடி இருவருக்கும் தோன்றியது. அடுத்த நொடி இருவருக்கும் காது சிவந்தது. அவ்வளவுதான். டாக்டரிடம் சொல்ல வெட்கம். அறுபது பேர் நடுவில் படிக்கட்டில் நிற்க வெட்கமில்லை! வெட்கம் இருக்கிறதே, அதற்குக் கண் மட்டுமல்ல, கணக்கும் தெரியாது.

உள்ளே வழவழம்மா வெள்ளைப் பட்டில், கழுத்து கொள்ளாத மாலையில். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் மார்பு வரை தாடியுமாகச் சீடர். எதிரே ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர்.

"யாருக்கு எந்த வழின்னு நான் சொல்றதில்ல. தலைமுடி சொல்லும்," என்றாள் அம்மா. "ஒரு முடி போடு. மூழ்கினா பிளேடு போதும். பாதியில நின்னா மெழுகு. மிதந்தா உள்ளே பாவம் இருக்கு, பொடிதான்."

நாத்தனார் ஒரு முடியைப் பிடுங்கிப் போட்டாள். மிதந்தது. அண்ணிக்கு முகம் வாடியது. கொஞ்சம் யோசித்திருந்தால், முன்னால் போன ஒன்பது பேருக்கும் அது மிதந்ததே என்று தோன்றியிருக்கும். யோசிப்பதற்கா மூன்று மாடி ஏறினார்கள்?

திரைக்குப் பின்னால் போய்க் குழைத்த பொடியை அவரவரே பூசிக்கொள்ள வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா மந்திரம் சொல்லுவாள். கண்ணை மூடிச் சொல்லுவாள், ஒரு கண்ணை மட்டும் சுவர்க் கடிகாரத்துக்காகத் திறந்து வைத்திருப்பாள். அறை முழுக்க ரோஜா வாசனை, அதற்கடியில் அழுகிய முட்டை நாற்றம்.

"மூக்கைப் பொத்தாதே! பாவம் கழியற வாசனை அது. சுருக்குனு இருந்தாலும் சொல்லாதே, பாவம் போக மனசில்லாம கடிக்குது."

ஏழு நிமிடம். கழுவினாள். பளிங்கு! நாத்தனார் படியிறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாவினாள். அண்ணி அன்றைக்கே நாலு வாடிக்கையாளர்களிடம் அளவு எடுத்தபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஒருத்திக்குக் கை அளவு தப்பிப் போனது.

மறுநாள் காலை தபால் நிலையத்தில் நாத்தனார் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடி குத்தினாள். மதியம் நிற்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்தவள் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்தாள். அண்ணி துணியை விலக்கிப் பார்த்தாள். சிவந்து, வெந்து, கொப்புளம் கொப்புளமாக.

திரும்பவும் மூன்றாம் மாடிக்கு ஓடினார்கள். மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்தார்கள், பாவிகள்.

"பொடி யாரையும் சுடாது," என்றாள் வழவழம்மா, வரிசை முழுக்கக் கேட்கிற குரலில். "சொல்லாத பாவம்தான் சுடும். உள்ளே ஒரு ஆம்பளை பேர் இருக்கு. அதைச் சொன்னா ஆறிடும்."

"அப்படி யாரும் இல்லம்மா!" என்று அழுதாள் நாத்தனார்.

"பாத்தியா? இப்பவும் மறைக்கறா."

படிக்கட்டு வழியாகச் செய்தி இறங்கியது. இரண்டு மணிக்கு அது வெறும் 'ஆள்'. மூன்றுக்கு அந்த ஆளுக்கு மீசை முளைத்தது. சாயங்கால டீ நேரத்தில் அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் கிடைத்துவிட்டது. ஏழு மணிக்குள் அந்த மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளையைப் பெற்ற சம்பந்தியம்மாளின் வாசலில் போய் நின்றது.

இந்த இடைவெளியில் அண்ணி ஒரு நல்ல காரியம் செய்தாள். வெட்கத்தை மடித்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்துவிட்டு, நாத்தனாரை ஆட்டோவில் ஏற்றித் தோல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை.

"ரசாயனம் சுட்டிருக்கு. இந்த வாரத்துல ஏழாவது ஆள் நீ. ஒருத்தரும் எதைப் போட்டாங்கன்னு வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. டாக்டர்கிட்டயே ரகசியமா?" என்று களிம்பு எழுதினாள். "எடுத்தே ஆகணும்னு ஒரு சட்டமும் இல்லம்மா. சருமத்தைக் காக்கத்தான் அது வளருது. எடுக்கணும்னா சுத்தமான சின்னக் கத்தரியால ஒட்ட வெட்டினா போதும். புதுசா எதைப் பூசறதா இருந்தாலும் முழங்கை உள்பக்கம் ஒரு துளி வச்சு ஒரு நாள் பொறு. பொறுத்தா தோலு தானே சொல்லும்."

இதற்கு மந்திரம் கிடையாது, மாலை கிடையாது. ஆகவே இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் சம்பந்தியம்மாள். தோல் பதனிடும் ஆலையில் முப்பது வருடம் வேலை, இப்போது மேற்பார்வை. தோலைத் தொட்டே மாட்டின் வயதைச் சொல்லுவாள். அவள் பேச்சும் அப்படித்தான், தோலை உரித்துவிட்டுத்தான் நிற்கும். அண்ணி அவசரமாகப் பாயை விரித்தாள். கல்யாணம் நின்றது என்று மனதுக்குள்ளேயே பந்தலைப் பிரித்துவிட்டாள்.

"யாராம் அந்த மோட்டார் சைக்கிள்காரன்?"

"சத்தியமா யாரும் இல்ல சம்பந்தியம்மா! தப்பு என்னோடது. நான்தான் கூட்டிட்டுப் போனேன். இவ மேல பழி போடாதீங்க, என்னை என்ன வேணா சொல்லுங்க."

"உன்னை அப்புறம் சொல்றேன். பொடி மிச்சம் இருக்கா?"

வழவழம்மா ஒரு பொட்டலம் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள், மறுமாதப் பாவத்துக்கு. சம்பந்தியம்மாள் அதைப் பிரித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். புருவம் ஏறியது.

"மேல ரோஜா. அடியில?"

"அழுகின முட்டை மாதிரி. பாவம் கழியற வாசனைன்னு..."

"அப்படியா? அப்ப எங்க ஆலையில தினமும் டன் கணக்குல பாவம் கழியுது." பொட்டலத்தை மடித்து மடியில் வைத்தாள். "நாளைக்குக் காலையில அந்தப் படிக்கட்டுல நாலு பேர் முன்னாடி இது தீரணும். தீரலேன்னா இந்தப் பேச்சு பொண்ணு பின்னாலயே என் வீட்டுக்கும் வரும். அதை வச்சுக்கிட்டு யாரால குடும்பம் நடத்த முடியும்?"

"தீந்துட்டா... கல்யாணம் உண்டுதானே?"

"முதல்ல தோலைப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணி அன்று தைத்த இரண்டு ரவிக்கையிலும் கைகள் முதுகுப்பக்கம் வந்தன.

மறுநாள் காலை அதே படிக்கட்டு, அதே கூட்டம். சம்பந்தியம்மாள் தோளில் ஒரு ஈரக் கோணிப்பை. அம்மாவின் எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அறைக்கதவை மூடவிடவில்லை. படிக்கட்டே எட்டிப் பார்த்தது.

"ஒரு சந்தேகம் அம்மா. நீங்க மந்திரம் சொல்லலேன்னா பொடி வேலை செய்யுமா?"

"என் வாக்கு இல்லேன்னா அது வெறும் சாம்பல்."

"பாவம் இல்லாதவங்களுக்கு?"

"ஒரு முடிகூட உதிராது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள் சம்பந்தியம்மாள். மேனேஜர் செய்தித்தாளுக்குள்ளிருந்தே தலையாட்டினார்.

கோணியிலிருந்து வெளியே வந்தது ஒரு முழம் பதனிடாத பச்சை மாட்டுத்தோல். செவலை நிறம், முடி அடர்ந்தது. கூட்டம் ஒரு படி பின்வாங்கியது. சம்பந்தியம்மாள் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டினாள். பொட்டலத்துப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தோலின் ஒரு பாதியில் பூசினாள்.

"மந்திரம் யாரும் சொல்லக் கூடாது. யாருக்காவது வாய் நமநமன்னு இருந்தா ஒண்ணு ரெண்டு எண்ணுங்க."

"இது அபசாரம்!" என்று எழுந்தாள் வழவழம்மா.

"உக்காருங்கம்மா, ஏழு நிமிஷம்தானே? கடிகாரத்தை நீங்களே பாருங்க, பழக்கம்தானே."

அண்ணிக்கு நெஞ்சு தையல் மெஷின் வேகத்தில் அடித்தது. முடி உதிராவிட்டால்? உதிராவிட்டால் நாத்தனாரின் வாழ்க்கை இந்தத் தோலோடு போயிற்று. சும்மா இருக்க முடியாமல் கை பரபரத்தது. எதிரே அம்மாவின் மடியில், வேரோரம் நரைத்து, நீளமாக ஒரு முடி கிடந்தது. எடுத்தாள். கிண்ணத்தில் போட்டாள்.

மிதந்தது.

"ஐயோ அம்மா, உங்களுக்கும் மிதக்குதே!" என்றாள் அண்ணி. அவள் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே பதறிப் போய்த்தான் சொன்னாள். அதனால்தான் படிக்கட்டு அப்படிச் சிரித்தது. பிறகு ஆளாளுக்கு வந்து முடி போட்டார்கள். மாஸ்டர் முடி மிதந்தது. டீச்சர் முடி மிதந்தது. யாரோ ஜெராக்ஸ் கடைப் பூனையின் முடியைக்கூடக் கொண்டுவந்து போட்டார்கள். அதுவும் பாவிப் பூனை.

ஏழு நிமிடம். சம்பந்தியம்மாள் அண்ணியின் தையல் ஸ்கேலை வாங்கித் தோலின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். முடி கூழாக வழிந்து வந்தது. பாதித் தோல் செவலை, பாதித் தோல் பளிங்கு. முட்டை நாற்றம் இரண்டாம் மாடி வரைக்கும் இறங்கியது.

"இப்ப சொல்லுங்க," என்று தோலைத் தூக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்த மாடு எந்த ஆம்பளை பேரை மறைச்சுது?"

வழவழம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு, கூட இன்னொரு காரம். மாட்டுத்தோல்ல முடி கழட்ட எங்க ஆலையில போடறது. பூட்ஸ், கையுறை இல்லாம நாங்க இது பக்கத்துலயே போகமாட்டோம். நீங்க இதை எங்கே பூசியிருக்கீங்க!" கூட்டத்தில் பல பேருடைய முழங்கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. "ரெண்டு மாசம் முன்னாடி சரக்கறையில குறைஞ்ச மூட்டையை இன்னும் தேடறேன். என்னப்பா சீடரே, தாடி வச்சா முகம் மறையும், நடை மறையுமா? வேலையை விட்டுத் துரத்தின அன்னிக்கு இதே மாதிரிதான் கதவோரமா நழுவினே!"

சீடர் நழுவத்தான் செய்தார். மாஸ்டர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தார். கையில் தாடிதான் வந்தது.

அப்போதுதான் அந்த அதிசயம். பாட்டு டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் எரியுது," என்றாள். ஒன்றுவிட்ட அக்காவுக்கு இல்லை, எனக்கு! "எனக்கும்தான்," என்றார் மேனேஜர், செய்தித்தாள் இல்லாமல். எனக்கு, எனக்கு என்று மூன்று மாடியும் கத்தியது. ஆளாளுக்குத் தன் எரிச்சலை ஒளித்துவைத்தார்கள், அந்த ஒளிவுதான் அவளுக்கு வியாபாரம். போலீஸ் வந்தபோது புகார் எழுதக் காகிதம் போதவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அன்று நல்ல நாள்.

கீழே ஆட்டோவில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் சம்பந்தியம்மாள் குனிந்தாள்.

"கல்யாணத்தைப் பதினஞ்சு நாள் தள்ளி வச்சுக்கலாம். ஆறட்டும். என் பையன் காத்திருப்பான், வேற வேலை என்ன அவனுக்கு?" பிறகு அண்ணியைப் பார்த்தாள். "உன்னை அப்புறம் சொல்றேன்னு சொன்னேனில்ல? ஒரு தப்பு பண்ணே. அடுத்த நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே. ஆனா அந்த ரெண்டையும் முன்னப்பின்ன மாத்திப் பண்ணியிருக்கலாம்."

அண்ணி அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சம்பந்தியம்மாளின் முந்தானையிலேயே துடைத்துவிட்டாள்.

கல்யாணம் ஜோராக நடந்தது. கடைசியில் அந்தப் பெண் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? எத்தனையோ சுற்றிச் சுற்றி விசாரித்தாயிற்று, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அவள் தோல், அவள் முடிவு. வெட்டட்டும், வளர்க்கட்டும். உங்களுக்கும் அப்படியே. ஆனால் உடம்பில் முடி முளைக்கிற இடங்களில் தலையும் ஒன்று. அதற்குள்ளே ஏதோ ஒன்று இருப்பதாகக் கேள்வி. எவள் எந்தப் பொடியை நீட்டினாலும், அதையும் சேர்த்து வழித்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முடி திரும்ப முளைக்கும்.